பக்கத் தலைப்பும் தாய்ப் படிவமும்

ஒரு கல்லூரியின் இணையச் செயலியில் ஐம்பது பக்கங்கள் இருப்பதாகக் கொள்வோம். உலாவியில் திறந்த ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் ஒரு சிறு பெயர் தெரியும். அதுவே பக்கத் தலைப்பு. இதனை வெறும் அலங்காரம் என எண்ணுவோர் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. பார்வையற்ற மாணவர் ஒருவர், எழுத்தைக் குரலாக்கும் திரைவாசிப்பானைக் கொண்டு பக்கத்தைத் திறந்ததும் முதலில் அவர் காதில் விழுவது இத்தலைப்புத்தான். ஐம்பது பக்கங்களும் கல்லூரியின் பெயரையே ஒலித்தால், விண்ணப்பம் எது, தேர்வு முடிவு எது என்று அவர் எங்ஙனம் அறிவார்?

2005-இல் வெளிவந்த ஜாங்கோ என்னும் மென்பொருள் இதற்கு எளிய வழி தருகிறது. சின்னம், பட்டியல், அடிப்பகுதி போன்ற பொதுவானவற்றைத் தாய்ப் படிவம் ஒன்றில் எழுதுகிறோம். அதன் தலைப்பில் 'பிளாக்' எனப்படும் பெயரிட்ட இடமொன்றை ஒதுக்கி, கல்லூரியின் பெயரை அதில் இடுகிறோம். சேய்ப் படிவம் 'எக்ஸ்டெண்ட்ஸ்' என்ற கட்டளையால் தாயை ஏற்று, அதே பெயருள்ள பிளாக்கில் 'தேர்வு முடிவுகள்' என எழுதினால், தாயின் சொல் நீங்கிச் சேயின் சொல் அமரும். எழுதாவிடில் தாயின் சொல்லே நிற்கும். இரண்டும் வேண்டுமெனில் 'பிளாக்.சூப்பர்' தாயின் சொல்லையும் கொணரும். ஆயினும் பக்கத்தின் சொந்தப் பெயரே முன்னால் வரட்டும். ஒவ்வொரு முறையும் கல்லூரிப் பெயரைக் கேட்டு முடித்த பின்புதான் செய்தி என்றால் யாருக்குப் பொறுமை இருக்கும்?

சேய்ப் படிவத்தில் பிளாக்கிற்கு வெளியே எழுதியது எதுவும் திரைக்கு வராது. பிழைச் செய்தியும் தோன்றாது. பிளாக்கின் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் இதே கதிதான். தலைப்பு மாறவில்லையே எனத் திகைப்போர் முதலில் அங்கே பார்ப்பது நலம்.