கரிசலில் சுவர் ஏன் விரிகிறது?

1988இல் இங்கிலாந்தின் நார்விச் நகரில் ஒரு மாடிப் பேருந்தின் பின்பகுதி சாலைக்குள் புதைந்தது. அடியில் இருந்தது பழைய சுண்ணாம்புச் சுரங்கம். நம் பந்தல்குடியில் சுண்ணாம்புக்கல்லைத் திறந்த குவாரியில்தான் வெட்டுகிறார்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வீட்டை அசைப்பது அப்படிப்பட்ட சுரங்கமல்ல, கரிசல் மண்.

அதிலுள்ள மான்ட்மோரில்லோனைட் என்னும் களிக்கனிமம் ஏடு ஏடாக அமைந்தது. ஐப்பசி மழையில் ஏடுகளுக்கிடையே நீர் புகுந்து மண் உப்பும். சித்திரை வெயிலில் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். கோடையில் வீட்டோரத்து மண் முதலில் காயும்; நடுவில் ஈரம் தங்கும். அஸ்திவாரம் ஓரத்தில் இறங்க, ஜன்னல் மூலையிலிருந்து விரிசல் சாய்வாக ஓடும்.

வழி உண்டு. ஈரம் மாறாத ஆழம்வரை, பெரும்பாலும் 3.5 மீட்டர், அடி அகன்ற கான்கிரீட் தூண்களை இறக்கி வீட்டை அவற்றின்மேல் நிறுத்தலாம். கூரைநீரைச் சுவரோரம் தேங்கவிடாதீர்கள்; மரங்களைத் தள்ளி நடுங்கள்.