நாட்டின் தலைமையும் நம் நம்பிக்கையும்

பல இனங்களும் பல மொழிகளும் பல சமயங்களும் வாழும் நாட்டில், ஒற்றுமை என்பது தானாக முளைக்கும் புல் அன்று. நாள்தோறும் நீர் ஊற்றி வளர்க்க வேண்டிய பயிர். அதைக் காக்கும் கடமை எல்லோருக்கும் உண்டு. ஆயினும், நாட்டின் முதற்குடிமக்களாகப் போற்றப்படுவோர்க்கு அக்கடமை சற்று மிகுதி. 2022 ஜூலை 25 அன்று திருமதி திரௌபதி முர்மு இந்தியாவின் பதினைந்தாவது குடியரசுத் தலைவராகப் பதவி ஏற்றபோது நாடெங்கும் புதியதொரு நம்பிக்கை பிறந்தது. பழங்குடி இனத்திலிருந்து அப்பதவியை அடைந்த முதலாமவர் அவரே, பெண்களுள் இரண்டாமவர். அந்த நம்பிக்கை எதன்மேல் நிற்கிறது? குடியரசுத் தலைவரால் ஆவது எது? நம்மால் மட்டுமே ஆவது எது? இவற்றை இங்கே காண்போம்.

அவர் 1958 ஜூன் 20 அன்று ஒடிசா மாநிலத்தின் மயூர்பஞ்ச் மாவட்டத்தில், உபர்பேடா என்னும் சிற்றூரில், சாந்தால் இனத்தில் பிறந்தார். தம் ஊரிலிருந்து கல்லூரி வாயிலை மிதித்த முதல் பெண் அவர். நீர்ப்பாசனத் துறையில் இளநிலை உதவியாளராகவும், பின்னர் ராய்ரங்பூரில் ஆசிரியையாகவும் பணியாற்றினார். 1997இல் நகர மன்ற உறுப்பினரானார். பின்பு சட்டமன்ற உறுப்பினர், அமைச்சர், ஜார்கண்ட் ஆளுநர் எனப் படிப்படியாக உயர்ந்தார். இடையே சில ஆண்டுகளுக்குள் கணவரையும் இரு மகன்களையும் இழந்தார். அத்துயரில் மூழ்கிவிடாமல், கணவரின் ஊரான பஹாட்பூரில் தம் வீட்டையே பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளியாக்கினார். சொந்தத் துன்பத்தைப் பிறர்க்கு நன்மையாக மாற்றுவதைவிடச் சிறந்த தலைமைப் பண்பு வேறு உண்டோ?

குடியரசுத் தலைவரை நாம் நேரே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. பாராளுமன்ற உறுப்பினர்களும் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களும் வாக்களிக்கின்றனர். 2022 தேர்தலில் தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்குக்கு மதிப்பு 176. கோவை மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளுக்கும் இதே கணக்குத்தான். அத்தேர்தலில் திருமதி முர்மு நூற்றுக்கு 64 பங்கு வாக்கு மதிப்பைப் பெற்று வென்றார்.

இவ்வளவு உயர்ந்த பதவி என்றாலும், அரசியல் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும். ஆணையிட்டு ஆளும் மன்னர் அல்லர் அவர். அப்படியாயின் அவர் வெறும் அலங்காரப் பதுமைதானா? இல்லை. அமைச்சரவையின் பரிந்துரையை "மீண்டும் ஆராயுங்கள்" என்று ஒருமுறை திருப்பி அனுப்ப அவருக்கு உரிமை உண்டு. 1997இல் ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து முதன்முதலாகக் குடியரசுத் தலைவரான கே. ஆர். நாராயணன், உத்தரப் பிரதேச ஆட்சியைக் கலைக்கும் பரிந்துரையை அவ்வாண்டே திருப்பி அனுப்பினார். அமைச்சரவையும் அதைக் கைவிட்டது. உரத்துப் பேசாமலே அறத்தை நிலைநாட்டும் முறை இது.

திருமதி முர்முவும் ஆளுநராக இருந்தபோது இத்தகைய துணிவைக் காட்டினார். ஜார்கண்டில் பழங்குடி மக்களின் நிலம் பிறர் கைக்குப் போகாமல் காப்பது 1908ஆம் ஆண்டின் சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டம். அச்சட்டம் உருவாவதில் சேசு சபைக் குருவான ஹாஃப்மன் அடிகளாருக்கும் பங்கு உண்டு என்பது நமக்குப் பெருமை. அதைத் திருத்தும் மசோதாவுக்கு எதிராக மக்கள் கொதித்தெழுந்தனர். ஆட்சியில் இருந்தது அவர் முன்பு சார்ந்திருந்த கட்சியே. எனினும் 2017இல் அவர் அம்மசோதாவைக் கையொப்பமிடாமல் திருப்பி அனுப்பினார். மேலும், 2022 நவம்பர் 26 அன்று, அரசியல் சட்ட நாளில், தலைமை நீதிபதியும் சட்ட அமைச்சரும் இருந்த அவையில், சிறைகளில் வாடும் ஏழைகளுக்காகப் பரிந்து பேசினார். நாடு முன்னேறுகிறது என்றால் புதிய சிறைகள் எதற்கு என்பது அவர் வினா.

உலக அரங்கிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. நம் தமிழ்ப்பெண் தில்லையாடி வள்ளியம்மை, தென்னாப்பிரிக்காவில் உரிமைக்காகச் சிறை சென்று 1914இல் பதினாறு வயதில் உயிர் நீத்தாள். அதே நாட்டில், 27 ஆண்டுகள் சிறையில் இருந்த நெல்சன் மண்டேலா 1994 மே 10 அன்று அதிபரானார். பழி வாங்குவார் என்று வெள்ளையர் அஞ்சினர். அவரோ 1995 ரக்பி உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், வெள்ளையர் தங்களுடையதென்று போற்றிய அணியின் பச்சைச் சட்டையை அணிந்து மைதானத்துக்கு வந்தார். ஆணை ஒன்றும் பிறப்பிக்கவில்லை. பல்லாயிரம் உள்ளங்கள் இளகின.

ஆனால் ஓர் உண்மையையும் மறைக்கலாகாது. தலைமைப் பதவியில் ஒருவர் அமர்வதாலேயே ஒற்றுமை வந்துவிடாது. பழங்குடி இனத்தவர் ஒருவர் குடியரசுத் தலைவராக இருந்த காலத்திலேதான், 2023 மே 3 அன்று மணிப்பூரில் மெய்த்தி, குக்கி மக்களிடையே கலவரம் மூண்டது. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பல்லாயிரவர் வீடிழந்து முகாம்களில் தஞ்சம் புகுந்தனர். தேவாலயங்களும் கோயில்களும் தீக்கிரையாயின. உபர்பேடாவிலேயே ஒரு குடியிருப்புக்கு, அவ்வூர் மகள் வேட்பாளராக அறிவிக்கப்பட்ட பின்னரே மின்கம்பம் நடப்பட்டது. உச்சியில் ஏற்றிய விளக்கின் ஒளி அடிவாரம் வரை எட்ட வேண்டாமா?

நம் கொங்கு நாட்டை எண்ணிப் பார்ப்போம். ஆனைமலையில் காடர், முதுவர், மலசர், மலைமலசர், எரவாளர், புலையர். கோவை மலையடிவாரங்களில் இருளர். சத்தியமங்கலக் காடுகளில் சோளகர், ஊராளியர். அருகே நீலகிரியில் தொதவர், கோத்தர், குறும்பர் எனப் பலர் வாழ்கின்றனர். தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்டவை ஏற்காடு, சேந்தமங்கலம் என்னும் இரண்டே. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 80 பேர் எழுத்தறிந்திருக்க, பழங்குடியினரில் 54 பேரே எழுத்தறிந்திருந்தனர். சிறுவாணியும் பவானியும் ஆழியாறும் அவர்கள் வாழும் மலைகளில் பிறந்தே நம் குடங்களையும் வயல்களையும் நிரப்புகின்றன. அந்த மலைகளிலிருந்து நம் வகுப்பறைகளுக்கு வருவோர் எத்தனை பேர்?

2023 ஆகஸ்ட் 5 அன்று குடியரசுத் தலைவர் முதுமலையின் தெப்பக்காடு யானைகள் முகாமுக்கு வந்து, யானைகளைப் பேணும் பழங்குடிப் பாகர்களோடு உரையாடினார். நாட்டின் தலைவரே மலையேறிச் சென்று நலம் விசாரித்த மக்களை, சமவெளியில் வாழும் நாம் அந்நியராக எண்ணுவது முறையாகுமா? "காட்டான்" என்பதை வசைச்சொல்லாக வழங்கும் வழக்கம் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறதே!

தோழியரே, சட்டத்தால் ஒருவருக்கு இருக்கை தர முடியும்; அருகில் அமர்ந்து அன்பு காட்ட நம்மால்தான் முடியும். மலையிலிருந்து விடுதிக்கு வரும் சிறுமிக்கு நம் பாடக் குறிப்பைக் கொடுப்போம். அவள் மொழியில் நான்கு சொற்களைக் கேட்டுக் கற்போம். அந்த வசைச்சொல்லை நம் வீட்டிலும் பள்ளியிலும் ஒலிக்க விடாதிருப்போம். பெற்றோரே, பிள்ளைகள் வீட்டுக்கு அழைத்து வரும் தோழியின் குலத்தைக் கேளாதீர்கள். பெயரைக் கேளுங்கள், பசியைக் கேளுங்கள். டெல்லி மாளிகையில் பிறந்த நம்பிக்கை உயிர் பெறும் இடம், நம் வகுப்பறையின் ஒரு பெஞ்சுதான்.