மட் டயர் யாருக்கு வேண்டும்?

நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிக்கு டயர் மாற்றப் போனால், கடைக்காரர் முதலில் கை காட்டுவது மட் டயரைத்தான். கட்டை கட்டையாக ரப்பர், நடுவில் விரல் நுழையும் பள்ளம். "இதைப் போடுங்கண்ணா, வண்டி லுக்கே மாறிடும்" என்பார். மாறும்தான். ஆனால் பங்காருபாளையம் பக்கம் மாந்தோப்பும், திருப்பதியில் வேலையுமாக அலைகிற என்னைப் போன்றவனுக்கு அது வேண்டாத செலவு.

என் மாருதி ஜிம்னி பத்தில் எட்டுப் பங்கு ஓடுவது தார் ரோட்டில். சித்தூரிலிருந்து சந்திரகிரி வழியாகத் திருப்பதி, உறவுக்காரர்கள் வந்தால் திருமலை. மிச்சம் இரண்டு பங்குதான் தோப்புக்குப் போகும் செம்மண் பாதை. கோடையில் அதில் குவாரி உடைகல் பல்லைக் காட்டிக்கொண்டு கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பாதை முழுக்கக் களியாகிவிடும்.

வண்டியோடு வந்தது ஹெச்/டி டயர். தார் ரோட்டுக்கென்றே செய்தது. சத்தமில்லை, மைலேஜும் குறையாது. களியில் மட்டும் பள்ளமெல்லாம் மண் அப்பி வழுவழுவென்று ஆகிவிடும். எம்/டி எனப்படும் மட் டயர் அதற்கு நேர் எதிர். அகலப் பள்ளம் என்பதால் சுற்றும்போதே சேற்றை வீசிவிடும். ஆனால் அந்தப் பள்ளம் இருக்கிற இடத்தில் ரப்பர் இல்லையே! ஈரத் தாரில் ரோட்டைத் தொடும் ரப்பர் குறைந்தால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் கூடும்.

இதைத் திருமலை மலைப்பாதையில் வைத்து யோசியுங்கள். 1944இல் போட்ட முதல் பாதையில்தான் இன்று இறங்குகிறோம். ஏறுவதற்கு இரண்டாவது பாதை. இறங்கும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். 2021 நவம்பர் மழையில் திருப்பதி வெள்ளக்காடானதும், அடுத்த சில நாட்களில் மலைப்பாதையில் பாறை சரிந்ததும் நினைவிருக்கும். அப்படிப்பட்ட ஈரத்தில் வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்து இறங்குகிறவனுக்குத் தாரைப் பிடிக்கிற டயர்தான் முக்கியம். தோப்பில் வண்டி மாட்டினால் டிராக்டர் வந்து இழுத்துவிடும்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஏ/டி. அதிலும் சாதுவான ஏ/டி, முரட்டு ஏ/டி என்று இரண்டு ரகம் உண்டு. நான் போட்டது சாதுவான ரகம். பக்கச்சுவர் கொஞ்சம் தடிமன். நடுப்பகுதியில் ஆணி, முள் குத்தினால் பஞ்சர் போட்டுக்கொள்ளலாம். உடைகல் பக்கச்சுவரைக் கிழித்தால் டயரைத் தூக்கிப்போட வேண்டியதுதான். அந்தத் தடிமனுக்காகத்தான் கூடுதல் காசு கொடுத்தேன். இரைச்சல் சற்றுக் கூடியது, மைலேஜ் சற்றுக் குறைந்தது.

அளவில் கை வைக்கவில்லை. ஜிம்னிக்குக் கம்பெனி அளவு 195/80 ஆர்15. பலர் 215/75 போடுகிறார்கள். கணக்குப் போட்டால் விட்டம் 693 மில்லிமீட்டரிலிருந்து 703க்குப் போகிறது. பெரிய வித்தியாசம் இல்லை, ஸ்பீடாமீட்டர் ஒன்றரை சதவீதம் குறைத்துக் காட்டும், அவ்வளவுதான். ஆனால் அகலம் கூடினால் ஸ்டியரிங் முழுக்க ஒடிக்கும்போது எங்கும் உரசுகிறதா என்று பார்த்தாக வேண்டும். அளவை அடுத்து வரும் 96எஸ் என்பதும் முக்கியம். 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும். எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர் வரை ஓடலாம். இரண்டிலும் குறைந்ததை வாங்கக் கூடாது.

நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிக்காரர்கள் அசட்டையாக விடுகிற விஷயம் ஒன்று உண்டு. முன்னால் இரண்டு புதுசு, பின்னால் இரண்டு பழசு என்று மாற்றுவது. சாதாரண காரில் அதனால் கியர்பெட்டிக்குப் பாதகமில்லை. ஜிம்னி, தார் போன்ற வண்டிகளில் நாலு சக்கரத்தையும் இழுக்கவைக்கும் 4ஹெச் போட்டதும் முன், பின் அச்சுகள் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். புது டயரில் 8 மி.மீ. ரப்பரும் பழசில் 3 மி.மீ. ரப்பரும் இருந்தால் விட்டத்தில் 10 மி.மீ. இடிக்கும். அதனால் வரும் முறுக்கம் முழுக்க கியர்பெட்டியின் தலையில் விழும். காய்ந்த தார் ரோட்டில் 4ஹெச் போடாதே என்று சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். ஆகவே நாலையும் ஒன்றாக மாற்றுங்கள். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றும்போது பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியையும் சுற்றில் சேர்த்தால் ஐந்தும் ஒன்றுபோலத் தேயும்.

எப்போது மாற்றுவது? சட்டம் 1.6 மி.மீ. வரை விடுகிறது, பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேடு அந்த அளவைக் காட்டும். மழைக்காலத்தில் மலை ஏறுகிறவர் 3 மி.மீ.க்கே மாற்றிவிடுவது நல்லது.

நம் திருப்பதி மாவட்டத்துச் சின்னபாண்டூரிலேயே 2020 ஜூனிலிருந்து அப்பல்லோ ஆலை ஓடுகிறது. பக்கத்திலேயே தயாராகிறது என்பதற்காகக் கடையில் கிடைப்பது புதுச் சரக்கு என்று நம்பிவிட முடியாது. பக்கச்சுவரில் இருக்கும் நாலு எண்ணைப் பாருங்கள். 3525 என்றால் 2025ஆம் ஆண்டின் 35ஆம் வாரம். பழைய டயரைக் கழற்றுவதற்கு முன்பே புது டயர் நாலிலும் இதைப் படித்துவிடுங்கள். பில்லில் டயர் வரிசை எண்ணையும் எழுதி வாங்குங்கள். வாரண்டிக்குப் போனால் முதலில் கேட்பது அதைத்தான்.