திரைவாசிப்பான்வழித் தமிழ் மெய்ப்புத் திருத்தம்: செவிக்குப் புலப்படுவனவும் புலப்படாதனவும்

திறவுச்சொற்கள்: திரைவாசிப்பான், சொற்செயலி, மெய்ப்புத் திருத்தம், மயங்கொலி, பிரெயில்

முன்னுரை

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 விழுக்காட்டு இடங்களை அவர்களுக்கு ஒதுக்குகிறது. இவ்வாறு ஆய்வுக்கு வரும் பார்வையற்றோர் தம் கட்டுரையைத் தாமே மெய்ப்புப் பார்க்கத் துணைநிற்பது திரைவாசிப்பான். மைக்கேல் கரன் 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய என்விடிஏ கட்டணமின்றிக் கிடைப்பதாலும் தமிழ்க்குரல் கொண்டிருப்பதாலும் இங்குப் பயன்மிக்கதாக உள்ளது. எனினும் ரகர, றகர மயக்கம் மிகுந்த கட்டுரையைக் காணும் நெறியாளர் அதனை மொழியறிவுக் குறையாகவே கருதுகிறார். அப்பிழை கருவியின் குரலிலிருந்தும் பிறக்கக்கூடும்.

செவிக்கு எட்டாதவை

போடிநாயக்கனூர் வட்டாரத்தின் ஏலக்காய் வேளாண்மை பற்றிய ஆய்வேடு ஒன்றைக் கருதலாம். மலை, மழை, விலை, விளை, மணம், மனம் ஆகிய சொற்கள் அதில் பக்கந்தோறும் வரும். லகர, ளகர, ழகரங்களைத் தெளிவாக வேறுபடுத்தாத செயற்கைக் குரலில் ‘மலை பெய்தது’ என்ற பிழைத்தொடரும் சரியானதாகவே கேட்கும். சொற்செயலியின் எழுத்துப்பிழை திருத்தியும் இதனைச் சுட்டாது. இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள். அறை, அரை போன்றவற்றில் மனிதக் குரலே பெரும்பாலும் வேறுபாடு காட்டுவதில்லை. கருவியிடம் அதை எதிர்பார்ப்பதற்கில்லை. (நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடைபெறும் போடியில் ‘ஏலம்’ என்பது விளைபொருளா விற்பனையா என்பதைக் கண்ணும் தனித்துக் காட்டாது, அது வேறு சிக்கல்.)

எழுத்தெழுத்தாக அம்புவிசையால் நகர்ந்து கேட்பது ஓரளவே உதவும். குரலில் ஒன்றாகிய எழுத்துகள் தனித்துக் கேட்டாலும் ஒன்றாகவே ஒலிக்கும். இதனினும் பயனுள்ளது தேடல் வசதி. தட்டச்சு செய்வோரின் விரலுக்கு ழகரமும் லகரமும் வெவ்வேறு விசைகள். செவி இழந்த வேறுபாட்டை விரல் இழப்பதில்லை. தாம் அடிக்கடி மயங்கும் சொல்லிணைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியே தட்டச்சிட்டுத் தேடி, அது வரும் தொடரைக் கேட்டால் பொருளே பிழையைக் காட்டிவிடும். பாரதி பிரெயிலில் ல, ள, ழ, ர, ற, ந, ன, ண ஒவ்வொன்றுக்கும் தனிப்புள்ளி அமைப்பு உண்டு. ஆகவே கணினியுடன் இணையும் பிரெயில் காட்டி இம்மயக்கத்தை முற்றிலும் நீக்கும். அதன் விலையே தடை.

ஒற்றுப்பிழையின் நிலை சற்று வேறு. பொட்டிபுரம் என்னும் ஊர்ப்பெயரில் தனித்து நிற்கும் பகரம் மெலிந்தும், ‘பொட்டிப்புரம்’ என இரட்டித்தால் வலிந்தும் ஒலிக்க வேண்டும். இவ்விதியைப் பின்பற்றும் குரலில், வேகத்தைக் குறைத்துக் கேட்பவருக்கு வேறுபாடு புலப்படும்.

கண்ணுக்கு எட்டாதவை

பார்வையுள்ளோரின் மெய்ப்பும் குறையற்றதன்று. ‘ஔவை’ என்பதை ‘ஒளவை’ என ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சிடுவது பரவலான பிழை. அச்சில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. கணினிக்கு அவை வேறு. ஔவையாரைத் தேடும் ஆய்வாளருக்கு அக்கட்டுரை அகப்படாது. கால் குறியின் இடத்தில் ரகரம் அமைந்து ‘பாடம்’ ‘பரடம்’ ஆவதும், எகரத்தின் இடத்தில் தமிழெண் ௭ புகுவதும் இத்தகையன. வருடிய நூல்களிலிருந்து எழுத்துணரி கொண்டு பெற்ற மேற்கோள்களில் இவை மிகுதி. திரைவாசிப்பானோ ‘ஒளவை’யை மூன்றெழுத்தாகவே ஒலிக்கும், கேட்பவர் அக்கணமே நின்றுவிடுவார். இவ்வகைப் பிழைகளில் பார்வையற்ற மெய்ப்பாளரே நம்பத்தக்கவர்.

சொற்செயலியில் செயல்முறை

துணைநூற்பட்டியலைக் கேட்கும்போது நிறுத்தக்குறி அளவை ‘அனைத்தும்’ என மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையேல் காற்புள்ளி வெறும் இடைநிறுத்தமாகவே கழிந்துவிடும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அமைந்த கோப்பு ஆங்கில எழுத்துக் குவியலாகவே ஒலிக்கும் என்பதால் முதலில் ஒருங்குறிக்கு மாற்றப்பட வேண்டும்.

நெறியாளரும் இதழாசிரியரும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அச்சுப்படியில் சிவப்பு மையால் திருத்தி, அதன் ஒளிப்படத்தை அனுப்பினால் திரைவாசிப்பானுக்கு அதில் படிக்க எதுவுமில்லை. அதே திருத்தங்களை வேர்டின் கருத்துரையாகவும் மாற்றத்தடமாகவும் இட்டால், என்விடிஏ விசையுடன் எஃப்7ஐ அழுத்தி அவற்றைப் பட்டியலாகப் பெற்று, ஒவ்வொன்றாகச் சென்று ஏற்கவோ மறுக்கவோ ஆய்வாளரால் இயலும்.