வருமுன் அறிய சில வழிகள்

கட்டுமானத் திட்ட அலுவலகங்களில் பல ஆண்டுகள் பணிபுரிந்தவன் என்ற முறையில், நம் சங்கக் குடும்பங்களுக்கும் பயன்படக்கூடிய ஒரு விஷயத்தை எழுதுகிறேன். திட்ட மேலாண்மையில் இதற்கு 'இடர் இனங்காணல்' என்று பெயர். வேலையைத் தொடங்குமுன், அதில் என்னென்ன தவறிப்போகலாம் என்று தேடிப் பட்டியல் போடுவதுதான் அது.

என் அனுபவத்தில், வரப்போகும் சிக்கல் பெரும்பாலும் யாராவது ஒருவருக்குத் தெரிந்தே இருக்கும். பெரியவர்கள் முன்னால் சொல்லத் தயங்குவார். அல்லது அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவரைப் பேசவைக்கத்தான் கீழ்க்கண்ட முறைகள் உதவுகின்றன.

கூடிப் பேசுதல்: சம்பந்தப்பட்ட எல்லோரையும் உட்காரவைத்து, மனதில் பட்டதையெல்லாம் சொல்லச் செய்ய வேண்டும். எதையும் உடனே மறுக்கக் கூடாது. வயதிலும் பதவியிலும் இளையவரை முதலில் பேசவிடுங்கள். மேலதிகாரி வாய் திறந்துவிட்டால் மற்றவர்கள் தலையாட்டத் தொடங்கிவிடுவார்கள்.

டெல்ஃபி முறை: அமெரிக்காவின் ரேண்ட் நிறுவனத்தில் 1950களில் உருவானது. நிபுணர்களைத் தனித்தனியே கேட்டு, கருத்துகளைப் பெயர் குறிப்பிடாமல் தொகுத்து, மீண்டும் அவர்களுக்கே அனுப்புவார்கள். மற்றவர் கருத்தைப் பார்த்தபின் தம் கருத்தைத் திருத்திக்கொள்ளலாம். இப்படிச் சில சுற்றுகள். யார் சொன்னார் என்பது தெரியாததால் முகதாட்சண்யத்துக்கு இடமில்லை.

அனுமானங்களைச் சோதித்தல்: ஒவ்வொரு திட்டமும் சில நம்பிக்கைகளின் மேல் நிற்கிறது. அவற்றை எழுதி, 'இது பொய்த்தால் என்ன ஆகும்?' என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். மும்பைவாசிகளான நமக்குத் தெரிந்த கொங்கண் ரயில்பாதையையே பாருங்கள். 1990இல் தொடங்கிய பணி அது. கடினப் பாறையைக் குடைய இறக்குமதி செய்த இயந்திரங்கள் கைகொடுத்தன. ஆனால் கோவாவின் பெர்ணம் போன்ற இடங்களில் இருந்ததோ ஈரக் களிமண். தோண்டத் தோண்டச் சரிந்தது. அங்கே கையால்தான், அங்குலம் அங்குலமாகத் தோண்ட வேண்டியிருந்தது. 'உள்ளே இருப்பது பாறைதான்' என்ற ஒரு வரி அனுமானத்துக்கு எவ்வளவு விலை என்பதை இதிலிருந்து அறியலாம்.

தோற்றுவிட்டதாக வைத்துக்கொள்ளுதல்: உளவியலாளர் கேரி க்ளைன் 2007இல் ஒரு கட்டுரை மூலம் இதைப் பரவலாக்கினார். 'திட்டம் படுதோல்வி அடைந்துவிட்டது. காரணம் என்ன?' என்று ஒவ்வொருவரும் தனித்தனியே எழுத வேண்டும். 'தவறு நடக்குமா?' என்று கேட்டால் அபசகுனம் என்று வாய் மூடுபவர்கள்கூட, நடந்துவிட்டதாகச் சொன்னால் தாராளமாகக் காரணம் சொல்வார்கள்.

இவற்றில் கிடைப்பதையெல்லாம் ஒரு பதிவேட்டில் எழுதி, ஒவ்வொன்றையும் கவனிக்க ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். எழுதி மூடிவைப்பதோடு வேலை முடிவதில்லை. 1998 ஜனவரியில் கொங்கண் பாதை முழுவதும் ரயில் ஓடத் தொடங்கியது. ஆனால் 2003 ஜூன் 22 இரவு, வைபவ்வாடி அருகே மழையில் சரிந்த பாறைகளில் மோதி ரயில் தடம்புரண்டு, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இன்று அந்தப் பாதையில் மழைக்காலத்துக்குத் தனிக் கால அட்டவணை, குறைந்த வேகம், சரிவுகளில் வலைகள், இரவு பகலாக ரோந்து எல்லாம் உண்டு. கட்டி முடித்த பிறகும் இடரைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் பெரிய நிறுவனங்களுக்குத்தானே என்று எண்ண வேண்டாம். இங்கே இருந்துகொண்டு ஊரில் வீடு கட்டும் குடும்பங்கள் நம்மில் பல. பட்டா யார் பெயரில் இருக்கிறது? ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் கூரை போட்டுவிட முடியுமா? அறுவடை நேரத்தில் சித்தாள் கிடைப்பார்களா? வங்கி அடுத்த தவணையைத் தாமதித்தால் கையில் பணம் உண்டா? போர் போட்டால் வருவது நல்ல தண்ணீரா, உப்புத் தண்ணீரா?

கடைசிக் கேள்விக்கு எந்தப் பொறியாளரையும்விடப் பக்கத்து வீட்டு ஆச்சிக்கு நன்றாகப் பதில் தெரியும். வரைபடத்தில் கையெழுத்திடுமுன் அவரையும், மேஸ்திரியையும், உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் ஒருமுறை கேளுங்கள். பதிலை ஒரு நோட்டில் எழுதி, மாதம் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். செலவு ஒரு நோட்டுப் புத்தகம்தான்.