பழைய லேண்ட் ரோவருக்கு ஹெட் கேஸ்கெட்: வீட்டிலேயே மாற்றலாமா?

திரிங்காப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், காய்கறிக் கூடைகளோடு தோட்டத்து மண்சாலையில் முனகிக்கொண்டு ஏறும் பழைய லேண்ட் ரோவரை. ஒரு வாரம் அது படுத்துவிட்டால் குடும்ப வருமானமும் படுத்துவிடும். அதைப் படுக்க வைப்பதில் ஹெட் கேஸ்கெட்டுக்குத் தனி இடம் உண்டு. எஞ்சின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் இந்த மெல்லிய தகடுதான் எரிவாயு, தண்ணீர், எண்ணெய் மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் காக்கிறது.

அது போய்விட்டால் ரேடியேட்டரில் குமிழி வரும், வெள்ளைப் புகை நிற்காது, எண்ணெய் ‘தே தாரிக்’ நிறத்துக்கு மாறும். ஆனால் அவசரப்படாதீர்கள். குளிர்ந்த மலையில் கொஞ்ச தூரமே ஓடும் வண்டியில், எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் வெளிர் நுரை படிவது சாதாரண ஈரமாகவும் இருக்கலாம். டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

1971 முதல் 1985 வரை வந்த சீரீஸ் 3 வண்டியின் 2.25 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் வீட்டு வேலைக்கு ஏற்றது. அதன் கேம் ஷாஃப்ட் பிளாக்குக்குள் இருப்பதால், ஹெட்டைக் கழற்றினாலும் டைமிங் கலையாது. பழைய புரோட்டோன் சாகா அப்படியில்லை. அதில் டைமிங் பெல்ட்டுக்கு அடையாளம் போட்டுக் கழற்ற வேண்டும். அனுபவம் இல்லாதவர்கள் அதைப் பட்டறைக்கே விட்டுவிடலாம்.

எஞ்சின் முழுக்க ஆறிய பிறகே கை வைக்க வேண்டும். வடிக்கும் கூலன்ட் நச்சு. இனிக்கும் என்பதால் பிள்ளைகளும் நாயும் நெருங்காமல் மூடி வையுங்கள். எட்டுப் புஷ்ராடுகளையும் உருவி, காய்கறி அட்டைப்பெட்டியில் துளை போட்டு, எண்ணிட்டு வரிசையாகச் செருகுங்கள். ஹெட் வார்ப்பிரும்பு, தூக்க இரண்டு பேர் வேண்டும். பழைய கேஸ்கெட்டில் கல்நார் இருக்கலாம். உலர்வாகத் தேய்க்காமல், நனைத்துச் சுரண்டுங்கள்.

பிறகுதான் முக்கியமான கட்டம். நேரான இரும்புப் பட்டையை ஹெட்டின் மேல் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பாருங்கள். வளைந்திருந்தால் இயந்திரப் பட்டறையில் சீவித்தான் ஆக வேண்டும். புதுக் கேஸ்கெட் அதை மறைக்காது. போல்டுத் துளைகளில் தண்ணீரோ எண்ணெயோ தேங்கியிருந்தால் துடைத்தெடுங்கள். முறுக்கும்போது அந்தத் திரவம் நசுங்கி, பிளாக்கையே பிளந்துவிடக்கூடும்.

போல்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, பல சுற்றாக முறுக்க வேண்டும். இந்த எஞ்சினின் பெரிய போல்டுகளுக்கு 65 அடி-பவுண்டு. கை ஊகம் இங்கே உதவாது, டார்க் ரெஞ்ச் கடன் வாங்கியாவது வேண்டும். வால்வு இடைவெளி 0.25 மில்லிமீட்டர். எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

இவ்வளவும் செய்து, வண்டி சூடேறிய காரணத்தைத் தேடாமல் விட்டால் புதுக் கேஸ்கெட்டும் போகும். அடைத்த ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட், தேய்ந்த வாட்டர் பம்ப் எல்லாம் சந்தேகத்துக்குரியவை. மலையில் இன்னொன்றும் உண்டு: 1,400 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தம் தாங்கி அதைத் தடுப்பது ரேடியேட்டர் மூடி. அதன் ரப்பர் வெடித்திருந்தால் ஹெட்டை மாட்டுவதற்கு முன்பே புது மூடி வாங்கி வைத்துவிடுங்கள்.