கொலுசுச் சத்தம் போதும் பாஸ்... தென்காசிப் பேய்க்குப் பெயரும் ஊரும் உண்டு!

நள்ளிரவு 12 மணி. கொட்டுகிற மழை. கரண்ட் கட். மலையடிவாரத்தில் ஒரு பழைய பங்களா. 'ஜல்... ஜல்...' என்று கொலுசுச் சத்தம்.

அடுத்து என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். வெள்ளைப் புடவை, விரித்த தலைமுடி, எங்கிருந்தோ ஒரு மல்லிகைப் பூ வாசம். கதை எழுதுகிறவருக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும். பேய்க்கு மட்டும்தான் தெரியாது போல, இன்னும் அதே வழியிலேயே வந்துகொண்டிருக்கிறது.

இந்த மலையடிவாரத்துக்கு ஓர் ஊர்ப் பெயர் தேவைப்பட்டால் குற்றாலம் ரொம்பவே வசதி. அருவி, சாரல், காடு, சீசன் முடிந்ததும் ஆளில்லாமல் கிடக்கும் காட்டேஜ்கள் என்று செட் மொத்தமும் ரெடி. வேடிக்கை என்னவென்றால், தென்காசி, குற்றாலம் வட்டாரத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவரும் ஆவிக் கதைகள் இந்த மாதிரி இல்லை. அங்கே செத்தவருக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, சாதி உண்டு. கொன்றது யார் என்பதும் கதை கேட்கிற எல்லாருக்கும் தெரியும்.

அப்படியென்றால் இந்தக் கொலுசு எங்கிருந்து வந்தது? ஊர்ப் பேய் எங்கே போனது?

தேய்ந்துபோன டெம்ப்ளேட்

தமிழில் பேய்க்குப் பஞ்சமே இருந்ததில்லை. பி.டி.சாமியின் பேய் நாவல்களைப் பஸ் ஸ்டாண்ட் கடையில் வாங்கி, ஊர் வருவதற்குள் படித்து முடித்த ஒரு தலைமுறை இருக்கிறது. சினிமாவில் 'சந்திரமுகி' (2005), 'முனி' (2007), 'காஞ்சனா' (2011), 'அரண்மனை' (2014) என்று வரிசை கட்டின. நடுவில் 'பீட்சா' (2012), 'பிசாசு' (2014), 'மாயா' (2015) போன்ற சில படங்கள் வேறு பாதையில் போய்ப் பார்த்தன.

அடிக்கடி திரும்பி வரும் விஷயங்களைப் பட்டியல் போடுவது சுலபம்: அநியாயமாகச் செத்த பெண், பூட்டிய அறை, பேயைக் காமெடியாக ஓட்டும் நண்பர்கள், கடைசியில் வந்து எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் மலையாள மந்திரவாதி. இதில் முதலாவது பழையது என்பதால் சலிக்கவில்லை. உலகம் முழுக்கப் பேய்க் கதையின் அடிப்படையே அதுதான். அவள் எப்படிச் செத்தாள் என்பதைப் பத்து நிமிட ஃப்ளாஷ்பேக்கில் முடித்துவிட்டு, மீதி நேரம் முழுக்கக் கதவை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பதால்தான் சலிக்கிறது. 'காஞ்சனா'வில் நிலத்துக்காகக் கொல்லப்பட்ட திருநங்கை என்று ஒரு அழுத்தமான காரணம் இருந்தது. அதற்கு அப்புறம் வந்த பல கதைகள் அந்தக் காரணத்தை விட்டுவிட்டு மேக்கப்பை மட்டும் எடுத்துக்கொண்டன.

மந்திரவாதி விஷயம் தென்காசியில் இன்னும் தமாஷ். பக்கத்திலிருக்கும் செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை கேரளப் பக்கத்தோடு இருந்த ஊர். அங்கிருந்து புனலூர், கொல்லம் பக்கம் ரயிலிலேயே போய்விடலாம். சென்னையில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு 'மலையாள தேசம்' மாயமாகத் தெரியலாம். இங்கே உள்ளவர்களுக்கு அது பக்கத்து ஊர்.

குற்றாலத்தில் பயப்பட வேண்டிய விஷயம் இல்லாமலும் இல்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் திடீரென வந்த வெள்ளத்தில் 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். மலை மேலே பெய்கிற மழை கீழே குளிக்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. சட்டென்று தண்ணீர் நிறம் மாறும், அவ்வளவுதான் எச்சரிக்கை. இந்த ஊர்க்காரர் ஒருவர் பயத்தை எழுத உட்கார்ந்தால் பங்களாவில் தொடங்க மாட்டார், தண்ணீரில்தான் தொடங்குவார்.

வில்லும் ஒரு எழுதுகருவிதான்

எழுத்தாளர்களிடம் 'எதில் எழுதுகிறீர்கள்?' என்று கேட்பது இன்று சாதாரணம். பேனாவா, லேப்டாப்பா, ஃபோனா? குற்றாலத்தின் பெயரை இலக்கியத்தில் நிறுத்திய திரிகூடராசப்பக் கவிராயரின் கருவி ஓலையும் எழுத்தாணியும். பக்கத்து மேலகரத்துக்காரர் அவர். ஆனால் இந்த வட்டாரத்து ஆவிக் கதைகளைக் கட்டிக் காத்தது ஓலை மட்டும் இல்லை, வில்லும்தான்.

வில்லுப்பாட்டு பார்த்திருக்கிறீர்களா? மணிகள் கட்டிய பெரிய வில், அதைத் தட்ட வீசுகோல், கூடவே மண்குடம், உடுக்கை, தாளம், கட்டை. நடுவில் கதை சொல்லும் புலவர். வலப்பக்கமும் இடப்பக்கமும் உட்கார்ந்து பாட்டை வாங்கித் திருப்பிப் பாடுகிறவர்கள். கோயில் கொடையில் ராத்திரி முழுக்கக் கதை ஓடும். சுடலைமாடன் கோயில்களில் மகுடம் அடித்து நடத்தும் கணியான் கூத்தும் உண்டு.

வில்லில் பாடப்படும் கதைகளை ஆய்வாளர்கள் இரண்டு வகையாகப் பிரிக்கிறார்கள். ஒன்று, தெய்வமாகவே பிறந்தவர்களின் கதை. கயிலாயத்தில் பிறந்து சுடுகாட்டுக்கு வந்த சுடலைமாடன் இந்த வகை. இன்னொன்று, மனிதராக வாழ்ந்து, அகாலமாகச் செத்து, அதன் பிறகு தெய்வமானவர்களின் கதை. 1980-களில் இதை விரிவாக ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனித்தார். இரண்டாவது வகைக் கதையில், பாட்டு சாவைத் தொடுகிற இடத்தில்தான் சாமியாடிக்கு அருள் உச்சத்துக்குப் போகிறது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் ஹாரர் கதை சாவை ஃப்ளாஷ்பேக்கில் ஒளித்து வைக்கிறது. வில்லுப்பாட்டோ ஊரைக் கூட்டி உட்காரவைத்து, அந்தச் சாவை நோக்கி ராத்திரி முழுக்க நடக்கிறது. 'ட்விஸ்ட்' எதுவும் கிடையாது. யார் சாகப்போகிறார் என்பது பாட்டிக்கும் தெரியும், பேரனுக்கும் தெரியும். தெரிந்தும் நெஞ்சு அடைக்கிறது.

பஞ்சாயத்தில் வாதாடிய பேய்

நீலி கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். கதை நடப்பது வடக்கே திருவாலங்காட்டுப் பக்கம் பழையனூரில் என்றாலும், தெற்கே இசக்கி வழிபாட்டோடு கலந்துவிட்ட கதை இது. போன பிறவியில் தன்னைக் கொன்றவனைத் தேடி நீலி வருகிறாள். கத்தவில்லை, கதவை ஆட்டவில்லை. கள்ளிக் கொம்பு ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'இவர் என் புருஷன், என்னை விட்டுட்டு ஓடுறார்' என்று ஊர்ப் பெரியவர்களிடம் வழக்குப் போடுகிறாள். ஊர் அவள் பக்கம் தீர்ப்புச் சொல்கிறது. அவனை அவளோடு அனுப்பி வைக்கிறது. அவன் உயிர் போகிறது. அவனுக்கு உயிர் உத்தரவாதம் கொடுத்திருந்த எழுபது வேளாளர்களும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள்.

இதைவிடப் பயங்கரமான பேய் எது? உயிரோடு இருந்தபோது கிடைக்காத நியாயத்தைச் செத்த பிறகு பொய் சொல்லி வாங்குகிறாள். பயம் அவள் முகத்தில் இல்லை, அந்தப் பஞ்சாயத்தில் இருக்கிறது. இசக்கியம்மன் கோயில்களில் பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிறார்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். பயந்த இடத்திலேயே போய்ப் பிள்ளை வரமும் கேட்கிறார்கள். இந்த உறவை எந்த ஹாரர் படம் காட்டியிருக்கிறது?

முத்துப்பட்டன் கதை இன்னும் நேரடியானது. பிராமண இளைஞன் ஒருவன் பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியச் சகோதரிகள் மீது ஆசைப்படுகிறான். தன் சாதி அடையாளத்தை விட்டு, செருப்புத் தைக்கவும் கற்றுக்கொண்டு அவர்களைக் கல்யாணம் செய்கிறான். மாமனாரின் பொறுப்பில் இருந்த மாட்டு மந்தையைக் காக்கப் போய் கொள்ளையரால் கொல்லப்படுகிறான். மனைவிகள் உடன்கட்டை ஏறுகிறார்கள். பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக இன்றும் அவனுக்கு வழிபாடு நடக்கிறது. நேர்த்திக்கடன் என்ன தெரியுமா? செருப்பு.

இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்தவர் பேராசிரியர் நா.வானமாமலை. அவர் கவனித்த ஒரு விஷயம் இன்றைய ஹாரர் எழுத்தாளர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. கதையின் ஒரு வடிவத்தில், அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் விடப்பட்டு வேறு வீட்டில் வளர்ந்தவர்கள் என்று ஒரு பின்கதை சேர்ந்துகொண்டது. சாதி தாண்டிய கல்யாணம் என்ற முள்ளைப் பிடுங்கிவிடுகிற இந்தப் பகுதி பிற்காலத்தில் ஒட்டப்பட்டது என்பது அவர் வாதம். ஆக, கதையின் உறுத்தலை எடுத்துவிட்டு அலங்காரத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் வேலை யூடியூப் காலத்தில் தொடங்கியது அல்ல. வில்லுப்பாட்டுக் காலத்திலேயே நடந்திருக்கிறது.

பேப்பருக்கு வந்த பேய்

அச்சில் பேயைக் கையாண்டவர்களில் நெல்லையில் வளர்ந்த புதுமைப்பித்தன் தனி ரகம். 1940-களில் வந்த அவருடைய 'காஞ்சனை'யில் கதை சொல்கிறவரே ஒரு எழுத்தாளர். வீட்டுக்குள் வந்து சேரும் ஒரு பெண், ராத்திரியில் வரும் ஒரு நாற்றம், தூங்கும் மனைவி... இவ்வளவுதான் சரக்கு. நடந்தது நிஜமா, எழுத்தாளன் மூளை செய்த வேலையா என்பதற்கு அவர் பதில் தரவே இல்லை. 2011-ல் வந்த படத்தின் பெயரும் கிட்டத்தட்ட அதேதான். பேயைக் காட்டும் விதத்தில் இரண்டும் இரு துருவம்.

2024 நவம்பரில் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன் வேறு வழியைப் பிடித்தார். 90-களில் டிவி பார்த்தவர்களுக்கு 'மர்மதேசம்' டைட்டில் இசை கேட்டாலே இன்றும் சிலிர்க்கும். அதில் வந்த 'விடாது கருப்பு' காவல் தெய்வத்தின் தண்டனையையும் மனநோயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. (ஸ்பாய்லர்தான், ஆனால் கால் நூற்றாண்டு ஆச்சு, மன்னிக்கலாம்.) நாகர்கோவிலில் வசிக்கும் ஜெயமோகன் 'நிழல்வெளிக் கதைகள்' என்று பேய்க் கதைகளுக்காகவே தனித் தொகுப்பு கொண்டுவந்தார்.

இந்த வட்டாரத்திலேயே இருந்து வேலை பார்த்தவர் கழனியூரன். கழுநீர்குளத்துக்காரர், பள்ளி ஆசிரியர். ஊர் ஊராகப் போய் வாய்மொழிக் கதைகளைக் கேட்டு எழுதி வைத்தவர். கி.ராஜநாராயணனோடு சேர்ந்து 'மறைவாய் சொன்ன கதைகள்' தொகுப்பைக் கொண்டுவந்தவர். அவருடைய முக்கியமான கருவி காது. கி.ரா. செய்த இன்னொரு கருவியும் உண்டு: 1982-ல் வந்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி. தன் மண்ணில் புழங்கும் சொற்களைக் கதையில் எழுதினால் மட்டும் போதாது, தனியாகப் பட்டியலிட்டும் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு கதைக்காரர் நினைத்திருக்கிறார்.

இப்போது கையில் இருப்பது ஃபோன்

தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையை ஏற்றது 1999-ல். 2017 ஆகஸ்டில் கூகுள் தமிழுக்கு வாய்ஸ் டைப்பிங் கொண்டுவந்தது. 2014-ல் தொடங்கிய பிரதிலிபி போன்ற தளங்களில் எழுத டெஸ்க் வேண்டாம், பதிப்பாளர் வேண்டாம், பஸ்ஸில் போகும்போதே ஒரு அத்தியாயம் போடலாம். இது சின்ன விஷயம் இல்லை. வீட்டு வேலைக்கு நடுவில் கிடைக்கும் அரை மணி நேரத்தில் ஒரு பெண் ஹாரர் தொடர் எழுத முடிகிறது என்றால், அதற்கு இந்த ஃபோன் ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் ஒவ்வொரு கருவியும் கதையைத் தன் பக்கம் இழுக்கும். சின்னச் சின்ன அத்தியாயம் என்றால் ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு அலறல் தேவைப்படும். அப்போது சட்டென்று கைக்குக் கிடைப்பது கொலுசு. 'ஏட்டி', 'வந்துருக்காவ', 'போயிட்டாவளா' என்று நெல்லைப் பேச்சை அடித்தால், மேலே இருக்கும் பட்டை அகராதித் தமிழை நீட்டும். நாலு முறை சண்டை போடுவோம், ஐந்தாவது முறை அது சொன்னதையே தட்டிவிடுவோம். பேய் பேசுகிற தமிழ் எந்த ஊருக்கும் சொந்தமில்லாத தமிழாகிவிடும். ஏஐ-யிடம் பேய்க் கதை கேட்டாலும் இதே கதிதான். ஏற்கெனவே அதிகம் எழுதப்பட்டதைத்தான் அது திருப்பித் தரும், அதாவது புளியமரமும் பங்களாவும்.

அதே ஃபோனில் ரெக்கார்டரும் இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தென்காசி மாவட்டத்தில் கொடை நடக்காத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஹாரர் எழுத நினைக்கிறவர்கள் ஒரு ராத்திரி போய் வில்லுக்கு முன்னால் உட்காரலாம். புலவரிடமும் கோயில்காரர்களிடமும் கேட்டுவிட்டுப் பதிவு செய்யலாம். சாமி வந்து ஆடும்போது முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாமல் இருந்தால் போதும். விடியற்காலையில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆச்சியிடம் 'இவரு எப்படி ஆச்சி செத்தாரு?' என்று கேட்டுப் பாருங்கள். ஊர் ஆச்சிகளுக்கு இந்தக் கதைகள் அத்துப்படி.

காரையாறு போகிறவர்கள் கவனிக்க: அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது, வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் போக முடியும். ஆடி அமாவாசைக்குக் கூட்டம் அள்ளும். மற்ற நாளில் போனால் பட்டவராயனுக்கு நேர்ந்து கொண்டுவந்து வைத்த செருப்புகளை நிதானமாக நின்று பார்க்கலாம்.